சமையல் குறிப்புப் பக்கம் தொடங்கப் போகிறீர்களா, கணவாயிலிருந்து ஆரம்பியுங்கள்

துபாயில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பையன் ஒருவன், விடுமுறை நாளில் கணவாய் மீன் வாங்கி வந்து வெங்காயத்தை வதக்கிக்கொண்டே, ஈரக்கையோடு போனில் 'கணவாய் தொக்கு' என்று தேடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியது எத்தனை நிமிடம் வேகவைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு வரி. அது சட்டென்று கண்ணில் பட்டு, சரியாகவும் இருந்துவிட்டால் அடுத்த வாரமும் உங்கள் பக்கத்துக்கே வருவான். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரால் பெரிய வருமானம் கிடையாது, திரும்பத் திரும்ப வருகிறவர்தான் பக்கத்தை ஓட்டுகிறார். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் உட்கார்ந்து சில வருடங்களாகச் சமையல் குறிப்பு இணையப் பக்கம் நடத்துகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எதை எழுதுவது? சாம்பார், சிக்கன் பிரியாணி, கேசரி எல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், புதிதாக வருகிறவர் அவர்களைத் தாண்டி கூகுளில் மேலே வருவது லேசுப்பட்ட காரியமில்லை. நம் கரையில் இருப்பதை எழுதுங்கள். சுறாப்புட்டு, திருக்கைக் குழம்பு, நண்டு ரசம், நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, நோன்புக் கஞ்சி, கீழக்கரைத் தொதல் என்று எவ்வளவோ இருக்கிறது. பாம்பனிலிருந்து தொண்டி வரை ஒரே மீனுக்கு வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும், பத்து வீட்டில் கேட்டாலே ஒரு வருடத்துக்கு எழுத விஷயம் கிடைத்துவிடும். (பழைய சமையல் என்று தேடிப்போனால் பெரியவர்கள் ஆமைக்கறியைப் பற்றியும் பேசுவார்கள். அதை மட்டும் பக்கத்தில் ஏற்றாதீர்கள். கடலாமை 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற உயிர், மன்னார் வளைகுடாவில் அது இன்னும் மிஞ்சியிருப்பதே நமக்குக் கொடுப்பினை.)

பெயர் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நாம் சீலா என்போம், சென்னைக்காரர் வஞ்சிரம் என்றுதான் தேடுவார். நமக்குக் கணவாய், அங்கே கடம்பா. தலைப்பில் நம் பெயரை வைத்துவிட்டு முதல் பத்தியிலேயே மற்றப் பெயரையும் சொல்லிவிடுங்கள். பக்கத்தின் முகவரி (லிங்க்) ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக முழ நீளத்துக்கு வந்து நிற்கும், பார்க்கிறவர் பயந்து தொடவே மாட்டார்.

அப்புறம் குறிப்பு. பக்கத்தின் உயிரே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் முதலில் எழுதிய கணவாய்க் குறிப்பில் 'கணவாய் வெந்ததும் இறக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை, வெந்த பதம் எங்கள் கைக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து ஒரு அக்கா செய்து பார்த்துவிட்டு, ரப்பர் மாதிரி ஆகிவிட்டது தம்பி, அரைக் கிலோவையும் கொட்டிவிட்டேன் என்று எழுதினார். அன்று சாயங்காலமே கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு இரண்டு சட்டியில் செய்து பார்த்தேன். கணவாய்க்கு இரண்டே வழிதான். நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூடிபோட்டு சிறுதீயில் அரைமணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். முதல் சூட்டில் சதை சுருங்கி இறுகிவிடும், வெகுநேரம் வெந்தால்தான் அந்த இறுக்கம் விட்டு மெத்தென்று ஆகும். இடையில் பத்து நிமிடத்தில் இறக்கினால் மெல்ல முடியாது. தொக்குக்கு இரண்டாவது வழி, மிளகு வறுவலுக்கு முதல் வழி என்று நிமிடக் கணக்கோடு திருத்தி எழுதினேன். இன்றைக்கும் என் பக்கத்தில் அதிகம் பேர் படிப்பது அந்தக் குறிப்பைத்தான்.

அதே மாதிரி 'தேவையான அளவு புளி' என்று எழுதாதீர்கள், '25 கிராம் புளி, ஒரு எலுமிச்சை அளவு' என்று எழுதுங்கள். சின்ன எடை மெஷின் ஒன்று கட்டாயம் வாங்கிவிடுங்கள், கேமராவை விட அதுதான் முக்கியம். தொதல் போன்ற பண்டத்துக்கு நிமிடம் மட்டும் போதாது, பதத்தையும் சொல்ல வேண்டும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து கை ஓயாமல் கிண்டக் கிண்ட, எண்ணெய் பிரிந்து, சட்டியின் ஓரத்தில் ஒட்டாமல் மொத்தமாகச் சுருண்டு கரண்டியோடு வரும். கண்ணுக்குத் தெரிகிற அந்த அடையாளத்தை எழுதினால் பாத்திரமும் அடுப்பும் மாறினாலும் படிக்கிறவர் தப்பித்துக்கொள்வார்.

மிளகாயும் அப்படித்தான். '8 மிளகாய்' என்று நாம் எழுதினால் நம் மனதில் இருப்பது முண்டு. உருண்டையாக, தோல் தடித்து, குழம்புக்கு நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும் மிளகாய், 2023இல் 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்றே புவிசார் குறியீடு வாங்கியது. வெளியூர்க்காரர் கைக்கு வந்த நீள மிளகாயை எட்டு எண்ணிப் போட்டுவிட்டு, காரம் தாங்காமல் உங்களைத் திட்டுவார். முண்டு கிடைக்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்து, நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் சேர்க்கலாம் என்று ஒரு வரி போடுங்கள்.

போட்டோ எடுக்கப் போன் போதும். காலையில் ஜன்னலோரம் பலகை போட்டு, ஃப்ளாஷ் இல்லாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி எடுங்கள். எவர்சில்வர் தட்டில் வெளிச்சம் அடித்துக்கொண்டு உங்கள் முகமே தெரியும், மண்சட்டியோ வாழையிலையோ நல்லது. குழம்பு ஆறினால் மேலே ஏடு படிந்து சோர்ந்துவிடும், இறக்கிய சூட்டோடு எடுத்துவிடுங்கள். அழகுப் படம் ஒன்றோ இரண்டோ போதும், மீதிப் படம் எல்லாம் வேலைக்கு உதவுவதாக இருக்கட்டும். கணவாயின் தலையைப் பிடித்து இழுத்தால் எது வருகிறது, மைப்பை எங்கே இருக்கிறது, ஊசிக்கணவாயில் கண்ணாடி மாதிரி உருவி எடுக்கும் தண்டு எது, ஓட்டுக்கணவாயின் ஓட்டை எப்படிப் பிதுக்கி எடுப்பது என்று கையோடு சேர்த்துக் காட்டுங்கள். அகலம் 1200 பிக்சலுக்குக் குறையாமல் வைத்து, ஏற்றும் முன் ஃபைலின் எடையை மட்டும் சுருக்கிவிடுங்கள். டவர் சரியாகக் கிடைக்காத இடத்திலும் பக்கம் திறக்க வேண்டும்.

டெக்னிக்கல் சமாசாரம் கொஞ்சம்தான். பக்கம் நடத்த வேர்ட்பிரஸ் மென்பொருளை வைத்திருந்தால், குறிப்பைக் கட்டம் கட்டிக் காட்டும் ரெசிபி கார்டு பிளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) ஒன்றை வைத்துக்கொண்டு, தயாரிப்பு நேரம், சமையல் நேரம், எத்தனை பேருக்கு, பொருட்கள், செய்முறை எல்லாவற்றையும் அதற்குரிய கட்டத்தில் நிரப்புங்கள். அப்போதுதான் கூகுளுக்கு இது சமையல் குறிப்பு என்று புரிந்து, தேடலில் படத்தோடும் நேரத்தோடும் காட்ட வாய்ப்பு உண்டு. நீங்களே ஐந்து நட்சத்திரம் குத்திக்கொள்ளும் வேலை வேண்டாம், கண்டுபிடித்தால் அந்தச் சலுகையையே எடுத்துவிடுவார்கள். பக்கத்தின் தலைமாட்டில் நேராகக் குறிப்புக்குத் தாவும் பொத்தான் ஒன்று வையுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

சரி, காசு. பக்கத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ், தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 முதல் உண்டு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யத் தபாலில் ஒரு எண் அனுப்புவார்கள், 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். முகவரியில் தெரு, அஞ்சல், பின்கோடு எல்லாம் தபால்காரர் கண்டுபிடிக்கிற மாதிரி கொடுங்கள், அந்தக் கடிதம் தவறிப்போனால் மாதக்கணக்கில் இழுக்கும். விளம்பரத்தைக் குறிப்புக்கு முன்னால் வரும் கதைப் பகுதியில் வையுங்கள், செய்முறையின் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே வைக்காதீர்கள். அங்கே மசாலா தீய்ந்துகொண்டிருக்கும். யாராவது பாத்திரமோ எண்ணெயோ கொடுத்து எழுதச் சொன்னால் இது விளம்பரம் என்று மேலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஆரம்பத்தில் விளம்பரத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். எனக்கு உருப்படியான வருமானம் வந்தது அந்த முண்டு மிளகாய் வரியிலிருந்துதான். மிளகாய் எங்கே கிடைக்கும், அனுப்புவீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளூரில் வாங்கி, காயவைத்து, மல்லியோடு அரைத்து மீன்குழம்புப் பொடியாகக் கால் கிலோ பாக்கெட் போட ஆரம்பித்தோம். விற்பதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் வாங்கி, பாக்கெட்டில் அந்த எண், எடை, பொருட்கள், தயாரித்த தேதி எல்லாம் அச்சடித்துவிடுங்கள். பொடி ஈரம் இழுக்கும், அதுவும் கடற்கரைக் காற்றில் சீக்கிரம் இழுக்கும், அதனால் அரைத்துச் சூடு ஆறியதும் அன்றைக்கே சீல் வைத்துவிட வேண்டும். எந்தக் குறிப்பில் அந்தப் பொடி வேண்டுமோ அங்கே மட்டும் ஒரு வரி போட்டால் போதும்.

கடைசியாகக் காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் விலை ஏறும், ஜனங்கள் கருவாட்டுப் பக்கம் திரும்புவார்கள். ஏப்ரலில் எழுதினால் அது தேடலில் ஏறுவதற்குள் தடையே முடிந்துவிடும். கருவாட்டுக் குறிப்புகளைப் பிப்ரவரியிலேயே ஏற்றிவிடுங்கள், நோன்புக் கஞ்சியை ரமலானுக்கு ஒன்றரை மாதம் முன்பு. போன வருடம் ஏற்றியது இருந்தால் புதுப் பக்கம் தொடங்காமல் அதையே திறந்து, வந்த கேள்விகளுக்கெல்லாம் குறிப்புக்குள்ளேயே பதிலைச் சேர்த்து, இருட்டாக விழுந்த படத்தை மாற்றிப் போடுங்கள்.