மெட்ரோ வாசலில் நிற்கும் யூலுவை எடுப்பதற்கு முன்

பெங்களூரில் மெட்ரோவை விட்டு இறங்கியதும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி அலுத்துப்போனவர்களுக்கு யூலு நல்ல வழி; செயலி மூலம் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப் போகும் சின்ன மின்சார ஸ்கூட்டர் அது. உரிமம் வேண்டாம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை.

செயலியைப் போட்டு, பணம் ஏற்றிவிட்டு, வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, நீங்கள் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துமிடம் இருக்கிறதா என்பதைத்தான். கண்ட இடத்தில் விட்டுவிட்டு நடக்க முடியாது.

அப்புறம் வண்டி. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், டயரைக் கட்டைவிரலால் அமுக்குங்கள், சார்ஜ் பாதிக்குக் கீழே என்றால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். ஸ்கேன் செய்த நொடியிலிருந்து காசு ஓடும், குறையைக் கண்டுபிடிக்க அது நேரமில்லை.

ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகுங்கள். சக்கரம் சின்னது, நம் ஊர்ப் பள்ளங்களோ பெரியவை; மழை நாளில் தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஹெல்மெட் உங்களுடையதையே கொண்டுபோங்கள். மேம்பாலம் வேண்டவே வேண்டாம், பின்னால் வரும் பேருந்து உங்களுக்காக வேகத்தைக் குறைக்காது.

இறங்கியதும் ஸ்டாண்டைப் போட்டு, 'பயணம் முடிந்தது' என்று திரையில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். நான் ஒருமுறை அதைப் பார்க்காமல் டீக்கடைக்குப் போய், பில்டர் காபிக்குக் கொடுத்ததைவிட அதிகமாக வண்டிக்குக் கொடுத்தேன்.