தாயம் உருட்டிச் சரளி வரிசை

கர்நாடக சங்கீதம் கற்க ஆரம்பிக்கிற பலர் அதன் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையிலேயே நின்றுபோகிறார்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறி, வந்த வழியே இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தினமும் அதே ஒழுங்கில் என்றால் யாருக்கும் அலுக்கும். எதை, எப்படிப் பாடுவது என்பதைத் தாயக்கட்டையிடம் விட்டுவிடுங்கள். முதல் ஆறு வரிசை பாடமாகியிருந்தால் போதும்.

படி 1: சுருதி

சுருதிப்பெட்டியோ போனில் ஒரு தம்பூரா ஆப்போ வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 5½ கட்டை, ஆண்களுக்கு 1 கட்டை ஒத்துவரும். மேல் ஸாவில் கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

படி 2: உருட்டல்

ஆச்சி வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை எங்கேயாவது கிடக்கும். இல்லையென்றால் ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கி வீசுங்கள். வெள்ளை எத்தனையோ அதுதான் எண். ஒன்றுகூட விழாவிட்டால் 12.

முதல் உருட்டல் எந்த வரிசை என்று சொல்லும், இரண்டாவது எந்த விதம் என்று சொல்லும். தாயம், அதாவது 1 விழுந்தால் வழக்கம்போல எட்டு அட்சர (எண்ணிக்கை) ஆதி தாளத்தில், அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம். 2 என்றால் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம். 3 என்றால் ஸ்வரப் பெயர் இல்லாமல் அகாரமாக, ‘ஆ’ என்று மட்டும். 5 என்றால் இறங்குவதை முதலில் பாடிவிட்டு ஏறுங்கள். 6 விழுந்தால் கோபமாகவோ கொஞ்சலாகவோ, உங்கள் இஷ்டம்.

4-ஐ வேண்டுமென்றே விட்டுவைத்தேன், எனக்குப் பிடித்தது அதுதான். சுருதியை நிறுத்திவிட்டு, கை மட்டும் தாளம் போட, ஸ்வரங்களை மனசுக்குள்ளேயே ஓட்டுங்கள். கடைசி ஸாவை மட்டும் வாய்விட்டுப் பாடி, உடனே சுருதியைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டினால் காது சரியாக வேலை செய்கிறது. விலகினால் எந்தப் பக்கம் விலகியது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கீழேதான் இறங்கியிருக்கும்.

எந்த உருட்டலில் 12 விழுந்தாலும் பாட வேண்டாம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் ஒன்றைப் போட்டு, விடாமல் ஒலிக்கும் ஸாவைக் கூடவே முனகிப் பிடியுங்கள். சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர், 1964-ல் காலமானார். அவர் வாசிப்பைக் கேட்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

படி 3: ‘ஆமா’ போடுதல்

நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு அடி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வரிசையைப் பாட, மற்றவர் எட்டாவது அட்சரம் முடிந்ததும் ‘ஆமா’ போட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் ஆட்டம் கைமாறும். சின்னப் பிள்ளைகளுக்குத் தாளம் பிடிபட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 4: நன்றி

பயிற்சி முடிவில் அதே ஸ்வரங்களில் மெட்டமைத்து அன்றைக்குரிய நன்றியை இழுத்துப் பாடுங்கள். “சுருதிப்பெட்டிய இரவல் தந்தா சித்தி” என்றால் எதிராளி ‘ஆமா’ போடுவார். “எல்லாருக்கும் நன்றி” என்று பொதுவாகப் பாடினால் ‘ஆமா’ கிடையாது, “எதுக்கு?” என்று கேட்பார், நீங்கள் காரணத்தைப் பாடியாக வேண்டும். ஆள், செய்த காரியம் இரண்டும் வரணும். டிவி சத்தத்தைக் குறைத்த அண்ணன், பாடும்போது சிரிக்காமல் இருந்த தங்கச்சி, இப்படிச் சின்னதாகவே இருக்கட்டும்.

தனியாகப் பயிற்சி செய்கிறவர்கள் அந்த ஒரு அடியை வாட்ஸ்அப்பில் பதிவு செய்து சம்பந்தப்பட்டவருக்கே அனுப்பிவிடலாம். மனசுக்குள் நன்றி சொல்லி வைத்துக்கொண்டால் அவருக்கு எப்படித் தெரியும்? குரல் பிசிறினாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

ஆறு வரிசையும் இரண்டு காலத்தில் தடுமாறாமல் வர ஆரம்பித்ததும் ஸ்வரங்களை இரண்டிரண்டாகப் பாடும் ஜண்டை வரிசைக்குப் போங்கள். விதிகள் அப்படியே இருக்கட்டும். அகாரம் மட்டும் அங்கே கஷ்டம், ஸஸ ரிரி என்று அழுத்தம் விழ வேண்டுமே, அதனால் 3 விழுந்தால் அகாரத்துக்குப் பதிலாக ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது ஸ்வரத்தை அழுத்திப் பாடிப் பழகுங்கள்.