செங்கடல் அடைபட்டால் முந்திரிக் கன்டெய்னரை அனுப்புவது எப்படி

2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தார்கள். ஒரு மாதத்துக்குள் பெரிய கப்பல் கம்பெனிகள் செங்கடலையும் சூயஸையும் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. ஐரோப்பா போகும் கன்டெய்னர் பெட்டிக்கு 10 முதல் 14 நாள் கூடியது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்காரர்களுக்கு, அதாவது முந்திரி ஆலைக்காரர்களுக்கு, ஏவுகணையால் சரக்கு அழிவது அபூர்வம். கை கடிப்பது தேதிகள்தான்.

காரணம் எளிய கணக்கு. வாரம் ஒரு கப்பல் விடும் சர்வீஸில் போய்வர 70 நாள் என்றால் 10 கப்பல் போதும். போக 10, வர 10 நாள் கூடினால் 13 வேண்டும். அந்த மூன்றும் வேறொரு ரூட்டிலிருந்துதான் உருவப்படும். காலிப் பெட்டிகளும் தாமதமாகவே திரும்பும். ஐவரி கோஸ்டிலிருந்து நாம் வாங்கும் முந்திரிக் கொட்டை பெரும்பாலும் நன்னம்பிக்கை முனை வழியாகவே வருகிறது, செங்கடலோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் அதன் கப்பல் வாடகை ஏறுவது இதனால்தான்.

முதலில் நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். நவம்பர் 10-ல் ஹாம்பர்க் குடோனில் சரக்கு இருக்க வேண்டுமானால்: அங்கே இறக்கிக் கொண்டுபோக 7 நாள், கடலில் 42, கொழும்பில் பெரிய கப்பலுக்காகக் காத்திருக்க 7, தூத்துக்குடியில் 4. ஆக 60, செப்டம்பர் 11-க்குள் லாரி கிளம்ப வேண்டும். ஓணத்துக்கு ஆள் வராத நாட்களையும் இதில் கழித்துக்கொள்ளுங்கள். 20 அடிப் பெட்டிக்கு 22.68 கிலோ கார்ட்டன் 700, அதாவது 15.876 டன். அதன் மதிப்பு ஒரு கோடி என்று வைத்தால், 10% வட்டியில் 14 நாள் தாமதத்துக்கு மட்டும் சுமார் 38,000 ரூபாய் போகும். விலை சொல்லும்போதே இதைச் சேருங்கள்.

வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் கடிதமான எல்சியில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கப்பல்காரர் தரும் சரக்கு ரசீதான பி.எல்.லின் தேதி என்பது பெட்டி துறைமுகத்துக்குள் போன நாள் அல்ல, கப்பலில் ஏறிய நாள். கொழும்புக்குப் பெட்டி கொண்டுபோகும் சின்னக் கப்பலான ஃபீடர் ஒரு வாரம் ரத்தானால் ஷிப்மென்ட் கெடு தாண்டிவிடும். அதனால் கெடுவை ஃபீடர் தேதிக்கு 15 நாள் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். எல்சி காலாவதி அதற்கும் 21 நாள் பின்னால். முன்தேதி போட்ட பி.எல். தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அது மோசடி, கப்பல் எந்த நாளில் எங்கே நின்றது என்பதை வாங்குபவர் இணையத்திலேயே பார்த்துவிடுவார்.

இன்ஷூரன்ஸில் 'ஆல் ரிஸ்க்' என்று எழுதியிருப்பதை நம்பி உட்கார வேண்டாம். சரக்கு இன்ஷூரன்ஸின் மிக விரிந்த விதித்தொகுப்பான இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் ஏ-யிலும் போர் சேராது. போருக்கான விதி, அதாவது வார் கிளாஸ், தனியாக வாங்க வேண்டும். அதுவும் சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான். குடோனிலும் லாரியிலும் செல்லாது. ஏழு நாள் நோட்டீஸில் கம்பெனி அதை ரத்து செய்யலாம், ஏற்கெனவே தொடங்கிய பயணத்துக்கு மட்டும் அது பொருந்தாது. தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு இரண்டிலுமே காசு கிடைக்காது. கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்த்து சி.ஐ.எஃப். விலை சொன்னவர்கள், புக்கிங்குக்குப் பிறகு கப்பல்காரர் போடும் வார் ரிஸ்க் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் வாங்குபவர் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சண்டை மூண்ட பின் கேட்டால் தரமாட்டார்கள்.

சூயஸ் வழியில் நம் பெட்டி பூமத்திய ரேகையைத் தாண்டுவதே இல்லை. முனையைச் சுற்றினால் இரண்டு முறை தாண்டுகிறது: வெக்கை, குளிர், மறுபடி வெக்கை, கடைசியில் ஐரோப்பியக் குளிர். பெட்டியின் கூரை வேர்த்துக் கார்ட்டன் மேல் சொட்டும். பருப்பின் ஈரம் 5%-ஐத் தாண்டக் கூடாது. கழுவி ஈரம் காயாத பலகைத் தரையுள்ள பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவரோரம் தொங்கவிட்டு, மேலடுக்கின் மீது கிராஃப்ட் தாள் விரியுங்கள்.

துபாய்க்கு அனுப்புபவர்களுக்கு ஆபத்து வேறிடத்தில். துபாயின் ஜெபல் அலி துறைமுகம், பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணைக்கு உள்ளே இருக்கிறது. கோர்ஃபக்கான், புஜைரா துறைமுகங்கள் வெளியே. நீரிணை அடைபட்டால், பி.எல். பின்பக்கப் பொடி எழுத்துப்படி கப்பல்காரர் பெட்டியை வெளியிலேயே இறக்கிவிட்டு 'பயணம் முடிந்தது' என்று சொல்லிவிடலாம். அங்கிருந்து லாரிச் செலவு யாருடையது, பெட்டியைத் திருப்பித்தர எத்தனை இலவச நாள் என்பதை புக்கிங் அன்றே, கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள்.