ஈராண்டுத் தொழில்நுட்பக் கல்லூரியின் நோக்கத்தையும் வரலாற்றையும் சேர்த்து வாசிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஈராண்டுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் சேர எண்ணும் மாணவரும் அவருடைய பெற்றோரும் முதலில் பார்ப்பது கட்டணத்தையும் பாடப்பிரிவுகளையும்தான். கல்லூரி எதற்காக, யாருக்காக நடத்தப்படுகிறது என்று அதுவே எழுதிவைக்கும் நோக்க அறிக்கையை எவரும் நின்று வாசிப்பதில்லை. எல்லாக் கல்லூரிகளும் ஏறத்தாழ ஒரே சொற்களை எழுதிவைப்பதால் அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. ஆனால், கல்லூரி பிறந்த கதையோடு அந்த அறிக்கையைச் சேர்த்து வாசித்தால், அது யாருக்காக நடத்தப்படுகிறது என்பது தெளிவாகத் தெரியவரும். பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டர் நகரில் உள்ள தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியைச் சான்றாகக் கொண்டு அந்த வாசிப்பு முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் தேட வேண்டியது கல்லூரியைத் தோற்றுவித்த ஆவணம். அது ஒரு சட்டமாக இருக்கலாம். விஸ்கான்சின் மாநிலம் 1911-இல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சிறுவர்களின் படிப்புக்காக இயற்றிய சட்டத்திலிருந்தே ரசீன் நகரில் இன்றைய கேட்வே தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் தொடங்குகிறது. தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டதும் காரணமாக அமையலாம். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1794 முதல் இயங்கிய ஆயுதத் தொழிற்சாலை 1968-இல் மூடப்பட, அந்த வளாகமே 1967-இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியின் இடமாயிற்று. லான்காஸ்டர் கல்லூரிக்கு மூலமாக அமைந்தது ஓர் உயில்.

அந்த உயிலை எழுதிய தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1792-இல் வெர்மான்டில், ஒரு கால் வளைந்த நிலையில் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போன பின், தாய் உழைத்துப் படிக்கவைத்த பிள்ளை. வழக்கறிஞராகி, பென்சில்வேனியாவில் அனைவருக்கும் இலவசப் பள்ளிக் கல்வி தரும் சட்டத்தைப் பிறர் 1835-இல் நீக்க முயன்றபோது, அந்த முயற்சியை எதிர்த்துப் பேசிச் சட்டத்தைக் காப்பாற்றியவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராக அடிமை முறை ஒழிப்புக்கு முன்னணியில் நின்றவர். 1868-இல் அவர் மறைந்தபோது, ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்துக்கென 50,000 டாலரை உயிலில் ஒதுக்கியிருந்தார். பிள்ளைகளுக்குப் பொதுக் கல்வியோடு எல்லாத் தொழில்களையும் கற்பிக்க வேண்டும், சேர்ப்பதிலும் நடத்துவதிலும் இனமோ நிறமோ பார்க்கக் கூடாது, பெற்றோரின் மதத்தைக் காட்டி எவரையும் விலக்கக் கூடாது, எல்லோரும் ஒரே வகுப்பில் படித்து ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். நகரத்து இடுகாடுகள் தம் விதிகளிலேயே கறுப்பினத்தவரை விலக்கிவைத்திருந்ததால், எல்லா இனத்தவருக்கும் இடம் தந்த சிறிய இடுகாட்டில் தம்மை அடக்கம் செய்யச் சொன்ன மனிதர் அவர். அந்தக் காரணத்தையும் தம் கல்லறைக் கல்லில் பொறிக்கச் செய்தார். ஒரு நிறுவனத்தின் விதியில் எழுதப்படும் ஒரு வரி எத்தனை தலைமுறைகளைத் தடுக்கும் அல்லது உள்ளே விடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

இத்தகைய மூல ஆவணத்தை வாசிக்கும்போது மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யாரைச் சேர்க்கச் சொன்னது, எதைக் கற்பிக்கச் சொன்னது, எப்படி நடத்தச் சொன்னது. ஸ்டீவன்ஸின் உயிலில் இவற்றுக்கான விடைகள் முறையே ஏழைப் பிள்ளைகள், தொழில்கள், வேறுபாடின்மை என வரும்.

அடுத்து, பெயர் மாற்றங்களைப் பாருங்கள். ஸ்டீவன்ஸின் உயிலை மூலமாகக் கொண்ட லான்காஸ்டர் கல்லூரி, மாநிலச் சட்டமன்றம் 1905-இல் தோற்றுவித்தபோது 'இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்' (தொழில்துறைப் பள்ளி) ஆக இருந்தது. பிறகு 'டிரேட் ஸ்கூல்' (கைத்தொழில் பள்ளி), அதன்பின் மாநிலத் தொழில்நுட்பப் பள்ளி, இறுதியில் கல்லூரி என்று வளர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் அந்த மூன்று விடைகளில் எது நின்றது, எது நகர்ந்தது என்று குறித்துவையுங்கள். இங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளி பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்திருக்கிறது. ஆனால் தச்சு, கொத்து வேலை, பிளம்பிங், வெல்டிங், இயந்திரக் கடைசல் ஆகியவை பாடத்திட்டத்தில் இன்றும் இருக்கின்றன.

இப்போதுதான் இன்றைய நோக்க அறிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். அங்கீகாரம் வழங்கும் அமைப்புகள் கேட்பதால் ஒவ்வொரு கல்லூரியும் அதை எழுதி வைத்திருக்கும். அதில் வேலைக்குத் தயார்படுத்துவது முன்னே நிற்கிறதா, நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச் செல்ல உதவுவது முன்னே நிற்கிறதா என்று பாருங்கள். இந்த வேறுபாடு மாணவரின் வாழ்க்கையைத் தொடும். செயல்முறை சார்ந்த அசோசியேட் பட்டத்தின் (ஈராண்டுப் படிப்புக்குத் தரப்படும் பட்டம்) கிரெடிட்டுகள், அதாவது முடித்த பாடங்களுக்குக் கணக்கிடப்படும் அலகுகள், அனைத்தையும் நான்காண்டுக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பொறியியல் இளநிலைப் பட்டம் வரை செல்ல எண்ணுபவர் சேருவதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அறிக்கை சொல்வதைப் பாடத்திட்ட நூலில் சரிபார்ப்பது கடினமல்ல. பல கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்தின் பெயருக்கு அருகிலும் விரிவுரை நேரம், ஆய்வக அல்லது பட்டறை நேரம், கிரெடிட் என மூன்று எண்களை அச்சிடுகின்றன. ஒரு பிரிவின் நான்கு பருவங்களுக்கும் பட்டறை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 'செய்து கற்றல்' என்று முழங்கும் கல்லூரியில் அந்தக் கூட்டுத்தொகை விரிவுரை நேரத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், அந்த முழக்கத்தை நம்ப வேண்டியதில்லை.

யாருக்காக என்ற கேள்விக்குக் கட்டணப் பக்கம் பதில் சொல்லும். ஸ்டீவன்ஸ் கல்லூரியில் குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கல்விக் கட்டணமின்றிப் படிக்க முடிவதால், உயிலின் முதல் விடை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. வருமான வரம்பும் வசிப்பிட நிபந்தனையும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியையே பார்க்க வேண்டும். படிப்பை முடித்தவர் விகிதத்தையும் முடித்தபின் பெறும் வருமானத்தையும் அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' கட்டணமின்றிக் காட்டுகிறது.

கடைசியாக, இயலுமானால் வகுப்பு நடக்கும் நாளில் பட்டறைக்கு நேரில் செல்லுங்கள். ஓர் இயந்திரத்துக்கு எத்தனை மாணவர் நிற்கிறார்கள், ஆசிரியர் அந்தத் தொழிலில் வேலை பார்த்தவரா, அருகிலுள்ள எந்த நிறுவனங்கள் பழைய மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன என்று கேளுங்கள். கிடைக்கும் விடைகளையும் அதே தாளில், அந்த மூன்று கேள்விகளுக்கு நேராக எழுதிக்கொண்டு, விண்ணப்பத்துக்கு முன் ஒருமுறை வரிசையாக வாசியுங்கள்.