ஆபிங்டனின் பழைய படங்கள்: வருடத்தைப் பாட்டியிடம் கேட்காதீர்கள்

இங்கிலாந்தில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் பழைய படம் சேர்க்கிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். தேம்ஸ் கரையில் உள்ள ஆபிங்டனும் அப்படித்தான். சந்தைத் திடல், அதில் 1678-82இல் எழுந்த கவுன்டி ஹால், ஆற்றுப்பாலம் என்று அஞ்சலட்டைகளும் ஆல்பங்களும் ஏராளம். வம்பெல்லாம் படத்துக்குக் கீழே எழுதுகிற ஒற்றை வரியில்தான். ஒருவர் குத்துமதிப்பாக ஒரு வருடம் போடுவார், அடுத்தவர் அதையே எடுத்துப் போடுவார், கொஞ்ச நாளில் அதுவே ஊர் வரலாறு ஆகிவிடும்.

பலரும் செய்கிற தவறு, ஊர்ப் பெரியவர்களிடம் படத்தை நீட்டி "இது எந்த வருஷம்?" என்று கேட்பது. நினைவுக்கு வருடக் கணக்கு சரியாக வராது. 1947இன் கடுங்குளிரும் 1963இன் கடுங்குளிரும் மனதில் ஒரே பனிக்காலமாக ஒட்டிக்கொள்ளும். "1947தானே?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் இன்னும் மோசம், "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டி விடுவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது படத்தில் இல்லாத விஷயத்தை. எம்ஜி கார் தொழிற்சாலை 1929 முதல் 1980 வரை இந்த ஊரில் ஓடியது. வேலை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது தெரு எப்படி இருக்கும்? எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள்? எந்தச் சந்துக்குள் போனால் வீட்டில் அடி விழும்? இதற்கெல்லாம் வருகிற பதில் எந்தக் காமிராவிலும் சிக்காது. சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைப் படக்குறிப்போடு கலக்காமல் தனியாக எழுதி வைக்கலாம்.

வருடத்தைப் படத்திடமே கேட்கலாம். விக்டோரியா அரசியின் சிலை 1887இல் அவரது ஆட்சியின் பொன்விழாவுக்காகச் சந்தைத் திடலில் வைக்கப்பட்டது, பிற்பாடு அபி கார்டன்ஸ் பூங்காவுக்குப் போய்விட்டது. சிலை தெரிய வேண்டிய கோணத்தில் அது இல்லையென்றால், படம் 1887க்கு முந்தியது, அல்லது சிலை இடம் மாறிய பிறகு எடுத்தது. காரில் நம்பர் பிளேட் இருந்தால் பெரும்பாலும் 1904க்குப் பிறகு, ஏனென்றால் அந்த வருடம்தான் அது கட்டாயமானது. சாலையோரம், நடந்து கடக்கிற இடத்தைக் காட்டும், உச்சியில் உருண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பட்டைக் கம்பம் நின்றால் 1934க்குப் பிறகு. தரையில் வரிக்குதிரைக் கோடு இருந்தால் 1951ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. "1904க்குப் பின், 1934க்கு முன்" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "சுமார் 1920" என்று அழகாகப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அஞ்சலட்டை என்றால் தபால் முத்திரையைப் பார்த்து ஏமாறுவது சகஜம். முத்திரை சொல்வது அட்டை அனுப்பிய நாளை. படம் அதற்குப் பல வருடம் முன்னால் எடுத்ததாக இருக்கலாம். ரெய்கேட் என்ற ஊரில் பிரான்சிஸ் ஃப்ரித் என்ற புகைப்படக்காரர் தொடங்கிய நிறுவனம் நாடெங்கும் ஊர் ஊராகப் படம் எடுத்து விற்றது. நன்றாக விற்கிற காட்சியை இப்படிப்பட்ட பதிப்பாளர்கள் மறுபடி மறுபடி அச்சடித்தார்கள். ஆனால் அட்டையின் பின்பக்கம் உதவும். முகவரியும் சேதியும் ஒரே பக்கத்தில் எழுத 1902இல்தான் அனுமதி வந்தது. அரை பென்னி கட்டணம் 1918 வரை இருந்தது. அதனால் ஸ்கேன் செய்கிறவர்கள் பின்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. என்னைக் கேட்டால், பாதி நேரம் முன்பக்கத்தைவிட அதுதான் அதிகம் பேசுகிறது.

தோரணம் கட்டிய தெரு என்றால் உடனே "1945, போர் வெற்றிக் கொண்டாட்டம்" என்று எழுதிவிடுவார்கள். 1897, 1902, 1911, 1935, 1937, 1953 என்று அரச குடும்பத்து விழாக்கள் வரிசையாக வந்திருக்கின்றன. ஆபிங்டனில் கூடுதல் குழப்பம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட விழாக்களில் கவுன்டி ஹாலின் கூரை மீது ஏறிக் கூட்டத்துக்கு பன் வீசுவது இந்த ஊர் வழக்கம். பன் பறக்கிறது என்பதை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது. பெண்களின் தொப்பியையும் பாவாடை நீளத்தையும் பார்த்தால் ஓரளவு பிடிபடும். வெள்ளப் படங்களிலும் இதே கதைதான், 1894ஐ 1947 என்று போட்டுவிடுவார்கள்.

தெருவில் ஆளே இல்லாத படத்தைப் பார்த்து "அந்தக் காலத்தில் எவ்வளவு அமைதி!" என்று உருகுவதும் தவறு. பழைய காமிராவின் கண்ணாடித் தகட்டில் படம் பதிய நேரம் பிடிக்கும். நடந்து போனவர்கள் பதியாமலே போனார்கள். அந்தத் தகடுகள் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் கொஞ்சமாகவும் வாங்கின. அதனால் சிவப்புத் துணி கறுப்பாகத் தெரியும். இப்போது ஏஐ பூசுகிற வண்ணம் வெறும் ஊகம், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த தவறு அபி கார்டன்ஸில் இருக்கிறது. அங்கே நிற்கும் வளைவுகளைக் காட்டி "1538இல் மூடப்பட்ட கிறிஸ்தவத் துறவியர் மடத்தின் இடிபாடு" என்று எழுதாதவர்கள் குறைவு. அதை 19ஆம் நூற்றாண்டில் டிரெண்டல் என்ற செல்வர் பழைய கற்களை வைத்துத் தன் தோட்டத்தில் அழகுக்காகக் கட்டினார். திடலில் நின்ற விக்டோரியா சிலையை ஊருக்குக் கொடுத்தவரும் அவரேதான். உண்மையான மடத்துக் கட்டடங்கள் சில வேறு இடத்தில் மிஞ்சியிருக்கின்றன, படத்தில் அவ்வளவு எடுப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

படத்தில் உள்ளவர்களுக்குப் பெயர் போடும்போது நிதானம் வேண்டும். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். 1931இன் தாள்கள் 1942இல் தீயில் போயின. 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. நடுவில் கைகொடுப்பது 1939 செப்டம்பரில் மக்களின் பெயர்களை எழுதி எடுத்த பதிவேடு மட்டுமே. 1921இல் அந்த வீட்டில் இருந்த குடும்பமே 1932இலும் இருந்தது என்று நினைத்துக்கொண்டால், யாருடைய தாத்தாவையோ யாருக்கோ தாரை வார்த்துவிடுவோம்.

கடைசியாக, தேடுகிற இடம். ஆபிங்டன் இன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் 1974 வரை பெர்க்ஷயர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் ஆக்ஸ்ஃபோர்ட் காப்பகத்தில் இல்லை என்றதும் கையை விரிக்காமல் ரீடிங்கில் உள்ள பெர்க்ஷயர் காப்பகத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தெருவை அடையாளம் காண, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்து ஊர்களின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவை அமைப்பு) வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.