பார்வை போன பிறகு எழுதத் தொடங்குவது எப்படி?

இனிப்பு நீரால் (நீரிழிவு நோயால்) பார்வை போனவர்கள் பலர், ‘இனி எழுதுவதென்றால் பேரனிடம் சொல்லித்தான் எழுத வேண்டும்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவைத் தள்ளி வையுங்கள். பேரனுக்குப் பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியம், பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூசும் வரிகளை நீங்கள் சொல்லவே மாட்டீர்கள். கதைக்கு வேண்டியது பல நேரம் அந்த வரிதான். உங்கள் விரலே எழுதட்டும்.

சிறுவயதில் அம்மை கண்டு பார்வை இழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் செய்யுள்களை மனத்திலேயே கட்டினார். எதுகையும் மோனையும் அடுத்த அடியை இழுத்து வரும். உரைநடைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. பத்து வாக்கியம் தாண்டினால் முதல் வாக்கியம் நழுவிவிடும். அதனால்தான் கருவி வேண்டும்.

பழைய மடிக்கணினி போதும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும், ஆனால் கரகரப்பாக இருக்கும். விண்டோஸின் ‘வள்ளுவர்’ தமிழ்க் குரலை இறக்கிக்கொண்டால் காதுக்கு இதம். முதல் மாதம் குரலின் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். நிறுவுவதற்கு மட்டும் பார்வையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைப் பழகுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது கூடவே இருக்கிறது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கும் முறை கண் உள்ளவர்களுக்குச் சரி. பார்க்காமல் தட்டுபவருக்கு ஓர் எழுத்துக்கு ஒரே இடம் இருப்பதுதான் நல்லது. எஃப், ஜே விசைகளின் மேல் சின்ன மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அங்கே வையுங்கள். இடது மேடு புள்ளி, வலது மேடு ப. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் நடுவில் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தோள் வலித்தால் விரல் தடுமாறும். தட்டும் எழுத்தைச் சொல்வதை இன்சர்ட்டும் 2-உம், சொல்லைச் சொல்வதை இன்சர்ட்டும் 3-உம் அழுத்தி இயக்கலாம், அணைக்கலாம். விரல் பழகியதும் எழுத்தை அணைத்துவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் பேசி எழுதுவது எளிது, ஆனால் அதில் மூன்று கோளாறுகள் உண்டு. தகரக் கூரையில் மழை கொட்டும்போது பாதிச் சொல் தவறாக விழும். காதில் இயர்போன் மாட்டாவிட்டால், திரைவாசிப்பான் பேசுவதும் உங்கள் கதைக்குள் நுழைந்துவிடும். ஒற்றும் நிறுத்தக்குறியும் நம்பும்படி வராது. எனவே சாயங்கால மழைக்கு முன், ஐந்தைந்து நிமிடமாகக் குரல் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தேதியும் எண்ணும் சொல்லுங்கள். பிறகு கேட்டுக் கேட்டுத் தட்டுங்கள். தட்டும்போதே பாதிக் கதை திருந்திவிடும்.

தமிழில் பெரிய சிக்கல் பிழைதிருத்தம்தான். குரலில் ந, ன, ண வேறுபாடு தெளிவாகக் கேட்காது. ல, ள, ழ மூன்றும் சில சமயம் ஒன்றாகவே ஒலிக்கும். ‘பூ மனம்’ என்று தட்டியிருந்தாலும் காதுக்கு ‘பூ மணம்’ என்றே கேட்கக்கூடும். நீங்கள் குழப்பும் சொற்களுக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: மனம்–மணம், பனி–பணி, வலி–வழி, அரை–அறை, கரை–கறை. கதை முடிந்ததும் கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சந்தேகம் வந்தால் சொல்லை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். ண, ன, ந மூன்றும் தனித்தனி விசை. காது ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

கேட்பது மூன்று சுற்று. ஒட்டுமொத்தமாக ஒரு முறை, இன்சர்ட்டும் கீழ் அம்பும் அழுத்தி. வரிவரியாக ஒரு முறை. மூன்றாவது சுற்றுக்குத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ‘எழுதியிருக்கிறபடியே வாசி, நீயாகத் திருத்தாதே’ என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை திக்கும் இடத்தில் ஒற்று விட்டிருக்கும், அல்லது வாக்கியம் நீண்டிருக்கும்.

விரலால் புள்ளிகளைத் தடவிப் படிக்கும் பிரெயிலும் படிக்கலாம். ஆனால் இனிப்பு நீர் விரல்நுனி உணர்ச்சியையும் மழுங்கடிக்கும். புள்ளி தட்டுப்படவில்லை என்றால் அது உங்கள் சோம்பல் அல்ல. நேரில் பயில விரும்பினால், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் விசாரியுங்கள். பேராவில் இருப்பவர்கள் சுங்கை சிப்புட்டில் மின்ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம்; பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலேயே. அதற்கு முன் சமூகநல இலாகாவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்துவிடுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எழுதப் பொருள் தேட வேண்டியதில்லை. வெயில் காலத்தில் ரப்பர் காய் ‘படீர்’ என்று வெடித்து, விதை காய்ந்த இலை மேல் விழும் சத்தம், கையை எத்தனை முறை கழுவினாலும் போகாத ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றம், இவை கண் வழியாக வந்தவை அல்ல. பார்த்த நாளில் பார்த்ததையும் தயங்காமல் எழுதுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: உங்கள் நினைவிலிருக்கும் லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இன்று செம்பனைத் தோட்டமாக இருக்கலாம். இன்றைய கதை என்றால், அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பும்போது யுனிகோடில் (எல்லாக் கணினியும் படிக்கும் எழுத்துமுறை), வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் இருக்கும் கதையைத் திரைவாசிப்பான் உளறலாகத்தான் படிக்கும். முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அனுப்புமுன் கோப்பைத் திறந்து முதல் வரியையும் கடைசி வரியையும் கேளுங்கள். பாதியில் அறுந்த கதை போய்ச் சேருவது அடிக்கடி நடப்பது. ஒரு பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.