கேக்குக்காகக் கனிந்த வாழைப்பழத்தை ஃப்ரீசரில் சேமிக்கும் முறை

தோலில் கரும்புள்ளி படர்ந்து, தொட்டாலே குழையும் அளவுக்குக் கனிந்த வாழைப்பழத்தைச் சாப்பிட வீட்டில் ஆள் இருக்காது. ஆனால் மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாக மாறிவிட்ட அந்தப் பருவமே கேக்குக்கு ஏற்றது. தோல் முழுவதும் கறுத்திருந்தாலும், உள்ளே சதை நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். காம்பில் பூஞ்சை பிடித்திருந்தாலோ, தோல் வெடித்து நீர் கசிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ தூக்கி எறிந்துவிட வேண்டும். குளிர் கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்துமே தவிர, கெட்டுப்போன பழத்தைச் சரிசெய்யாது.

சிலர் பழத்தைத் தோலோடு அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுகிறார்கள். உறைந்த பின் அந்தத் தோலை உரிப்பது பெரும்பாடு என்பதால், முதலிலேயே உரித்து, முள்கரண்டியால் மசித்து, அளந்து வைப்பதே என் பரிந்துரை. நடுத்தர அளவுள்ள மூன்று மோரிஸ் பழங்கள் ஏறத்தாழ ஒரு கப் விழுது தரும். பூவன் என்றால் கூடுதலாக வேண்டும். அதன் மெல்லிய புளிப்பு சமையல் சோடா சேர்க்கும் கேக்குக்கு நன்றாகவே பொருந்தும். எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி கலந்தால் விழுது கறுப்பது தாமதமாகும், ஆயினும் பழுப்பு நிறக் கேக்குக்கு அது அவசியமில்லை.

ஜிப் பையின் மேல் தேதியையும் அளவையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஈரம் பட்ட பையில் மை ஒட்டாது. ஒரு பைக்கு ஒரு கப் வீதம் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி வைத்தால் விரைவில் உறையும், விரைவில் இளகும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் வரை மணம் குன்றாமல் இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெரும்பாலும் அவ்வளவு குளிராது என்பதால், ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. நீண்ட மின்வெட்டில் விழுது முழுவதும் இளகிவிட்டால், குளிர் விடுவதற்குள் எடுத்து அன்றே கேக் செய்துவிட வேண்டும்.

கேக் செய்யும் நாளுக்கு முந்தைய இரவே பையை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பனித்துகள்கள் பழத்தின் செல்களைக் கிழித்துவிடுவதால், காலையில் பழுப்பு நீர் பிரிந்து நிற்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும், இனிப்பும் மணமும் அதில் இருப்பதால் வடித்துவிடாமல் விழுதோடு கலந்துகொண்டு, செய்முறையில் சொன்ன பாலில் ஓரிரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த விழுது பட்டால் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்துபோகும். ஆகவே மாவில் சேர்க்குமுன் அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும்.